மேடையில் இடி இடிப்பவர் யார்?

(சிற்றூர் இளைஞர் நாடக மன்றம் ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாடக மன்றத்தின் ஆண்டு விழாவில் நம்மைப் பேசும்படி அழைத்ததைக் கண்டு நாம் சற்று ஆச்சரியமே அடைந்தோம். நமக்குப் பாட்டும் வராது, கூத்தும் வராது. பள்ளிக்கூடத்துப் படிப்போ மிகவும் சொற்பம். படித்ததெல்லாம் வாசகசாலையிலும், படித்தவர்களைக் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்தும் படித்ததேயாகும். ஆகவே நடிப்பைப் பற்றியோ சங்கீதத்தைப் பற்றியோ உங்களுக்கு உபதேசம் செய்ய நமக்கு யோக்கியதை இல்லையென்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். நாம் இன்று பேசப்போவது மேடையிலே யாருடைய கண்ணுக்கும் படாத ஒரு வேலையைப் பற்றி. அதாவது மேடைக்குப் பின்னால் நின்று இடியும் மழையும் காற்றும் குதிரைக் குளம்பும் உண்டாக்குகிற வேலையைப் பற்றியாகும்.

இது என்ன பிரமாதமான விஷயம் என்று சிலர் நினைக்கலாம். நமது சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லுகிறோம். பிறகு பிரமாதமா இல்லையா என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

நமக்குப் பத்து வயதிருக்கும். ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நாடகம். அப்பத்தாவின் மடியில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருந்தோம். சாமி வேஷம் மேடைக்கு வருகிற கட்டம். விளக்குகள் அணைந்தன, பளிச்சென்று ஒரு வெளிச்சம், உடனே ஊரே அதிரும்படி ஒரு இடி. கூட்டம் முழுவதும் கையெடுத்துக் கும்பிட்டது. அப்பத்தா எழுந்து கன்னத்தில் போட்டுக் கொண்டு, பின்னால் வந்த கற்பூரத் தட்டிலே முந்தானை முடிச்சை அவிழ்த்து அதிலிருந்த பணம் முழுவதையும் போட்டுவிட்டார். அது நமக்கு நோட்டுப் புத்தகம் வாங்குவதற்காக முடிந்து வைத்திருந்த பணம்.

அழுதுகொண்டே நாம் மேடைக்குப் பின்புறம் போனோம். அங்கே ஒருவர், உடம்பெல்லாம் வேர்வை, கையில் கந்தல் துணி சுற்றிக்கொண்டு, மூங்கிலில் தொங்கவிட்ட நீண்ட தகரமொன்றைப் பிடித்து உலுக்கிக் கொண்டிருந்தார். நம்மைப் பார்த்துச் சிரித்தார். “ஏன் தம்பி, பயந்துட்டியா? இந்தா, நீயும் ஒரு ஆட்டு ஆட்டிப் பாரு” என்றார். ஆட்டினோம். இடி இடித்தது! அன்றோடு நமக்கு இடிப் பயமும் போயிற்று. இடிக்கு அதிபதியாகச் சொல்லப்பட்டவரிடத்தில் இருந்த பயமும் போயிற்று.

விடிந்ததும் இன்னொன்றும் பார்த்தோம். வேஷம் போட்டவர்களுக்குப் பெரிய வீட்டுத் திண்ணையில் இலை போட்டார்கள். இடி இடித்தவருக்கு மாட்டுக் கொட்டகைப் பக்கம் சோறு. ஏனென்று கேட்டதற்கு, அவர் ஜாதி அப்படி என்றார்கள். இராத்திரி அவர் உண்டாக்கின சத்தத்தைக் கேட்டுக் கும்பிட்ட கைகள்தான் காலையில் அவரைத் தள்ளி உட்காரச் சொன்ன கைகள்!

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பத்தாவிடம் தகரச் சங்கதியைச் சொன்னோம். அவர் கோபித்துக் கொள்ளவில்லை. “தகரந்தான்னு எனக்குந் தெரியும் ராசா. ஆனா அந்த நேரத்துல தெரியலையே” என்றார்.

தோழர்களே! நாம் பின்னாளில் எத்தனையோ புஸ்தகங்கள் படித்திருக்கிறோம். ஆனால் சத்தத்தின் சக்தியைப் பற்றி இந்த ஒரு வார்த்தைக்கு மேலான விளக்கத்தை எதிலும் காணவில்லை. “தெரியும், ஆனால் அந்த நேரத்தில் தெரியவில்லை.” கண்ணுக்கு இமையுண்டு, வேண்டாததைப் பாராமல் மூடிக் கொள்ளலாம். காதுக்குக் கதவு கிடையாது. தூங்கும்போதும் அது திறந்தே இருக்கிறது. திடீரென்று ஒரு பெருஞ்சத்தம் கேட்டால் புத்தி யோசிப்பதற்கு முன்னமே உடம்பு துள்ளி விடுகிறது, நெஞ்சு படபடக்கிறது. புத்தி பின்னால் மெதுவாக வந்து சேருகிறது. அந்த இடைவெளியிலேதான் நாடகக்காரனும் வேலை செய்கிறான். பக்தி வியாபாரியும் வேலை செய்கிறான். இருவருக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் இன்றைய பேச்சு.

சுமார் 1,900 வருஷங்களுக்கு முன், எகிப்து தேசத்து அலெக்ஸாண்டிரியா நகரத்தில் ஹீரோன் என்ற ஒரு கிரேக்க யந்திர நிபுணர் இருந்தார். அவர் எழுதி வைத்த நூல்கள் இன்றும் கிடைக்கின்றன. ஒரு நூலில் தானாக நடக்கும் பொம்மை நாடகமொன்றைச் செய்யும் விதத்தை விவரிக்கிறார். கப்பல்கள் வருகின்றன, புயலில் உடைகின்றன, இடி விழுகிறது. அந்த இடிச் சத்தத்துக்கு அவர் சொல்லும் யுக்தி என்ன? ஈயக் குண்டுகளை மேலேயிருந்து இறுக்கிக் கட்டிய காய்ந்த தோலின்மேல் விழச் செய்வது. அவ்வளவுதான்!

அதே ஹீரோன் இன்னொரு நூலில், பலிபீடத்தில் நெருப்பு மூட்டினால் கோவில் கதவு தானாகத் திறக்கும்படி செய்யும் வழியையும் எழுதியிருக்கிறார். நெருப்பின் சூட்டால் பீடத்துக்குள்ளிருக்கும் காற்று விரிகிறது. விரிந்த காற்று தண்ணீரைத் தள்ளுகிறது. தண்ணீர் ஒரு வாளியில் நிறைகிறது. வாளியின் பாரம் கயிற்றை இழுக்கிறது. கயிறு கதவைத் திருப்புகிறது. இன்னும், கதவைத் திறந்தால் எக்காளம் ஊதும் யந்திரமும் உண்டு. காசு போட்டால் தீர்த்தம் விடும் பாத்திரமும் உண்டு! காசு ஒரு தட்டின்மேல் விழுந்து தட்டு சாயும். அது சாய்ந்திருக்கும் நேரம் மட்டும் தண்ணீர் வரும். காசு நழுவி விழுந்தவுடன் தீர்த்தமும் நின்றுவிடும்.

பாருங்கள், ஒரே மனிதர், ஒரே அறிவு, காற்றும் தண்ணீரும் பாரமும் கயிறும்தான் கருவி. கொட்டகையில் வைத்தால் அது நாடகம். கோவிலில் வைத்தால் அது அற்புதம். யந்திரத்தில் யாதொரு வித்தியாசமும் இல்லை. நாடகக்காரன், “இது பொய், வா, கொஞ்ச நேரம் நம்பிப் பார்ப்போம்” என்று நம்முடைய சம்மதத்தின் பேரில் நம்மை ஏமாற்றுகிறான். விடிந்ததும் திரும்ப நம்மிடமே நம் புத்தியை ஒப்படைத்து விடுகிறான். மற்றவனோ சம்மதம் கேட்பதுமில்லை. வாங்கின புத்தியைத் திருப்பித் தருவதுமில்லை.

மேடை இடியின் சரித்திரம் மிகவும் ருசிகரமானது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்னும் ஊரில் 1766-ல் திறந்த நாடகக் கொட்டகையொன்று இன்றும் இருக்கிறது. அதன் கூரைக்கடியில் மரத்தால் சரிவான வாய்க்கால் போட்டு, அதிலே பீரங்கிக் குண்டுகளை உருட்டிவிடுவார்கள். ஜனங்களின் தலைக்கு மேலே இடி உருண்டு போகும். அதே 1766-ல் ஸ்வீடன் தேசத்தில் டிரோட்னிங்ஹோம் அரண்மனையில் கட்டிய கொட்டகையிலும் இடி யந்திரமும் காற்று யந்திரமும் அலை யந்திரமும் உண்டு. அந்தத் தேசத்து ராஜா ஒருவர் 1792-ல் கொல்லப்பட்ட பின் அது பயனற்றுத் தூசி படிந்து கிடந்து, 1921-ல் மறுபடி கண்டெடுக்கப்பட்டது.

காற்று யந்திரம் என்றால் ஏதோ பெரிய மர்மமென்று நினைத்து விடாதீர்கள். சட்டங்கள் அடித்த ஒரு மர உருளை. அதன்மேல் முரட்டுத் துணி. கைப்பிடியைச் சுற்றினால் சட்டங்கள் துணியில் உரசி ‘ஹூ’ என்று ஊளையிடும். வேகமாகச் சுற்றினால் புயல், மெதுவாகச் சுற்றினால் தென்றல். மழைக்கு நீண்ட பெட்டியில் காய்ந்த பட்டாணியைப் போட்டுச் சாய்த்தால் போதும். குதிரைக்கு இரண்டு கொட்டாங்கச்சி. வருணனும் வாயுவும் இவ்வளவு சொற்பச் செலவில் கிடைப்பார்களென்று யாராவது நமக்கு முன்பே சொல்லியிருந்தால், யாகங்களுக்காகக் கொட்டிய நெய்யாவது மிச்சமாயிருக்கும்.

இங்கிலாந்தில் ஜான் டென்னிஸ் என்பவர் 1709-ல் ஒரு நாடகத்துக்காகப் புது மாதிரியான இடியொன்றைச் செய்தார். நாடகம் ஓடவில்லை, நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதே கொட்டகையில் வேறு நாடகத்திலே அவருடைய இடியை உபயோகித்தார்களாம். “என் நாடகம் வேண்டாம், என் இடி மட்டும் வேண்டுமோ?” என்ற கருத்தில் அவர் கூச்சலிட்டாரென்று ஒரு கதை வழங்குகிறது. இடி இந்திரனுடைய சொத்தென்று நமது புராணிகர்கள் பாடிக் கொண்டிருந்தபோது, அங்கே ஒருவர் அது தன்னுடைய சொத்தென்று வழக்காடினார்! இரண்டில் எவர் கட்சிக்கு அத்தாட்சி அதிகம் என்பதை நீங்களே தீர்ப்புச் செய்யுங்கள்.

நிஜ இடி மட்டும் என்ன? மின்னல் பாயும் வழியிலே காற்று சுமார் 30,000 டிகிரி சூடாகி ஒரே நொடியில் விரிந்து வெடிக்கிறது. அந்த வெடிப்பே இடி. மின்னலென்பது மின்சாரமே என்பதை 1752-லேயே செய்து பார்த்துக் காட்டிவிட்டார்கள். வெளிச்சம் உடனே வந்துவிடுகிறது. சத்தமோ வினாடிக்குச் சுமார் 1,100 அடிதான் நடக்கிறது. ஆகவே மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று வினாடியானால் மின்னல் ஒரு கிலோமீட்டர் தூரத்தில். மன்றத்து இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மேடையில் மின்னலும் இடியும் ஒன்றாக வந்தால் புயல் தலைமேல் என்று அர்த்தம். முதலில் இடைவெளி விட்டு, வரவரக் குறைத்துக் கொண்டு வாருங்கள். புயல் நெருங்குகிறதென்று யாரும் வாயால் சொல்ல வேண்டியதேயில்லை. பார்ப்பவர் வயிறே சொல்லும்.

ஆனால் சத்தம் கிடைக்கிறதே என்பதற்காக இடித்துக் கொண்டேயிருக்கலாமா? 1613-ல் லண்டனில் ஷேக்ஸ்பியருடைய குளோப் கொட்டகையில், ராஜா வருகிற காட்சிக்கு நிஜப் பீரங்கியை வெடித்தார்கள். பொறி கூரைக் கீற்றில் விழுந்தது. கொட்டகை முழுவதும் எரிந்து சாம்பலாயிற்று. ஒருவருடைய கால்சட்டையில் தீப்பிடிக்க, கையிலிருந்த மதுவை ஊற்றி அணைத்தாராம். ஆடம்பரத்துக்காகச் சத்தம் போட்டதன் பலன் அது!

ருஷியாவில் 1898-ல் மாஸ்கோ கலைக் கொட்டகையார் செக்காவ் எழுதிய நாடகத்தை நடிக்க ஏற்பாடு செய்தபோது, தவளை கத்தும், நாய் குரைக்கும் என்று பெருமையாக அவரிடம் சொன்னார்கள். “எதற்காக?” என்று கேட்டார் அவர். “நிஜம் போலிருக்கும்” என்றார்கள். நல்ல சித்திரத்திலே மூக்கை வெட்டியெடுத்துவிட்டு நிஜ மூக்கை வைத்தால் மூக்கு நிஜந்தான், படமோ பாழ் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னதாக, அங்கே நடிகராயிருந்த மேயர்ஹோல்ட் எழுதி வைத்திருக்கிறார். அப்படியானால் செக்காவ் சத்தத்துக்கே விரோதியா? இல்லை. 1904-ல் நடித்த அவருடைய ‘செர்ரித் தோட்டம்’ என்ற நாடகத்தின் முடிவைப் பாருங்கள். கடனில் மூழ்கிய ஜமீன் குடும்பத்தார் வீட்டைப் பூட்டிக் கொண்டு போய்விடுகிறார்கள். கிழட்டு வேலைக்காரனை உள்ளேயே மறந்துவிட்டுப் போகிறார்கள். மேடை நிசப்தம். தூரத்தில் மரத்தின்மேல் கோடாலி விழும் சத்தம். அவ்வளவே. ஜமீன் ஒழிந்தது, காலம் மாறிற்று என்று ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தாலும் அந்தக் கோடாலிக்கு ஈடாகாது. பிரசங்கம் செய்தே பிழைக்கும் நாம் இதை வெட்கத்துடன் ஒப்புக் கொள்ளுகிறோம்.

ஜப்பான் தேசத்துக் கபூக்கி நாடகத்தில் இன்னும் வினோதம். பனி பெய்வதற்குச் சத்தம் ஏது? அவர்களோ பெரிய முரசை மிக மெல்லத் ‘தொம், தொம்’ என்று தட்டுகிறார்கள். பார்ப்பவருக்குப் பனி விழும் அமைதி காதிலே கேட்கிறது. சத்தத்தைக் கொண்டே மௌனத்தை உண்டாக்குகிறார்கள்! இதுவல்லவா அறிவு?

இனி நம் நாட்டுக்கு வருவோம். நமது தெருக்கூத்திலே மத்தளமும் முகவீணையும் தாளமும் ஆர்மோனியமும் ஆடுபவனுக்குப் பின்னால் எல்லோரும் பார்க்க உட்கார்ந்திருக்கும். மறைவு கிடையாது. ஜெர்மனியில் பிரெக்ட் என்ற நாடகாசிரியர், ஜனங்கள் மயங்கிக் கிடக்காமல் யோசிக்க வேண்டுமென்று, 1928-ல் வாத்தியக்காரர்களை மேடைமேலேயே உட்கார வைத்தார். அதைப் பெரிய புதுமையென்று உலகம் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும். நமது கூத்துக்காரர்கள் அதை முன்பே செய்து வந்தவர்கள். ஆனால் பெருமையோடு நிறுத்திக் கொள்ளாமல் உண்மையையும் சொல்ல வேண்டும். மத்தளத்தைக் கண்ணால் பார்த்துக் கொண்டிருக்கும்போதே, திரௌபதியம்மன் திருவிழாக் கூத்துகளில் துகிலுரியும் கட்டத்திலே ஆடுபவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் ‘சாமி வந்து’ விடுகிறது. கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. மனதுக்கும் தெரிய வேண்டும். அப்பத்தா சொன்ன அதே சங்கதி!

இன்னொன்று. எல்லாம் ஆதிகால ஆசாரம், மாற்றக் கூடாது என்பவர்களுக்குச் சொல்லுகிறோம்: நமது நாடகத்துக்கு உயிரென்று சொல்லும் ஆர்மோனியம் 1842-ல் பாரிஸ் நகரத்தில் தெபேன் என்பவர் உரிமை பதிவு செய்துகொண்ட கருவி. அதை எடுத்துக் கொண்டோம், கெட்டுப் போகவில்லை, நாடகம் வளர்ந்தது. கடல் தாண்டி வந்த பெட்டிக்கு மேடையில் நடு இடம் கொடுக்கத் தெரிந்த நமக்கு, பக்கத்துத் தெருக்காரனுக்குப் பந்தியிலே இடம் கொடுக்கத் தெரியவில்லை. மிருதங்கத்துக்கு மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் எருமைத் தோலும் வேண்டும். சபையில் வாசிப்பவருக்குச் சால்வை. அந்தத் தோலைப் பதனிட்டு, சுருதி பார்த்து, இழுத்துக் கட்டிக் கொடுத்தவர்களோ பெரும்பாலும் தீண்டத்தகாதாரென்று ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். நாதம் புனிதமாம், நாதத்தைக் கட்டினவன் கை மட்டும் தீட்டாம்! இந்த நியாயம் எந்த ஊர் நியாயம்?

இப்போது காலம் மாறிவிட்டது. தகரம் வேண்டாம்; ஒரு பட்டனை அழுத்தினால் பதிவு செய்த இடி ஒலிபெருக்கியில் முழங்குகிறது. நல்லதுதான். ஆனால் கருவி வந்தவுடன் புத்தியை ஊருக்கனுப்பி விடுவதா? பந்தலுக்கு நான்கு பக்கமும் பெட்டிகளை அடுக்கி, நடிகன் பேசுவது ஒரு அட்சரம்கூட விளங்காதபடி இரைகிறார்கள். கடைசி வரிசையிலிருக்கும் கிழவி நூறு அடிக்கு அப்பாலிருக்கும் நடிகனின் வாயைப் பார்க்கிறாள். வார்த்தையோ அவள் முதுகுப் பக்கத்துப் பெட்டியிலிருந்து வருகிறது. 1949-ல் ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மன் அறிஞர் ஆராய்ந்து காட்டியபடி, ஒரே சத்தம் இரண்டு இடத்திலிருந்து மிகச் சிறிய இடைவெளியில் வந்தால், முதலில் வந்து சேர்ந்த திசையையே காது நம்புகிறது. ஆகவே பின்னாலிருக்கும் பெட்டியின் சத்தத்தை, நூறு அடிக்குச் சுமார் பத்திலொரு பங்கு வினாடி என்ற கணக்கில், கொஞ்சம் தாமதித்து விட வேண்டும். அல்லது பெட்டிகளை மேடைப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். அப்போது வார்த்தை நடிகன் வாயிலிருந்தே வரும்.

முதலில் வந்ததையே நம்புவதென்பது காதுக்கு மாத்திரமுள்ள குணமா? மனதுக்கும் அதுதானே! தொட்டிலில் கேட்டதை நம்பிவிட்டு, பிறகு வருகிற பகுத்தறிவையெல்லாம் வெறும் எதிரொலியென்று தள்ளிவிடுகிறோம். ஆகையால் குழந்தைகளின் காதில் முதலில் என்ன விழுகிறது என்பதிலே நாம் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும்.

ஆகவே இந்த மன்றத்துத் தோழர்களுக்கு நாம் மூன்று வேண்டுகோள்களைத் தெரிவித்துக் கொள்ளுகிறோம்.

ஒன்று: உங்கள் நாடக நோட்டீசில் ராஜா வேஷம் இன்னார், மந்திரி வேஷம் இன்னார் என்று போடுவது போலவே, இடியும் மழையும் இன்னார் என்று பெயர் போடுங்கள். அவருக்கும் அதே பந்தியில், அதே இலையில் சாப்பாடு போடுங்கள். இதற்கு ஒப்பாத ஊரில் நாடகம் போட ஒப்பாதீர்கள்.

இரண்டு: சத்தம் நாடகத்தின் கருத்துக்கு வேலைக்காரனாயிருக்கட்டும், எஜமானனாக வேண்டாம். முக்கியமான வார்த்தையைச் சொல்லுமுன் எல்லாச் சத்தத்தையும் நிறுத்தி, மூன்று வினாடி சும்மாயிருந்து பாருங்கள். அந்த நிசப்தத்தைப் போல் உரத்த சத்தம் எந்தப் பெட்டியிலும் கிடையாது.

மூன்று: நாடகம் முடிந்ததும் ஊர்க் குழந்தைகளையெல்லாம் மேடைக்குப் பின்னால் அழைத்துப் போய், இடி எப்படி வந்தது, மழை எப்படி வந்தது என்பதைக் காட்டுங்கள். ஆளுக்கொரு ஆட்டு ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இரகசியம் வெளிப்பட்டால் ரசனை போய்விடுமென்று பயப்படாதீர்கள். தகரத்தைத் தொட்டுப் பார்த்த பிறகு நாம் எவ்வளவோ நாடகம் பார்த்துவிட்டோம். இன்றும் இடி இடித்தால் உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் முந்தானை முடிச்சு மட்டும் அவிழ்வதில்லை! சந்தோஷம் குறையவில்லை, ஏமாற்றம் மட்டும் குறைந்திருக்கிறது.

அப்பத்தா காலமாகி வெகுநாளாகி விட்டது. அந்த இடிக்காரரின் பெயரை நாம் அன்று கேட்டு வைத்துக் கொள்ளவில்லை. இன்றைக்கும் நமக்கு அது ஒரு குறையாகவே இருக்கிறது. நமக்கு முதல் பாடம் கற்பித்த வாத்தியார் அவர். அவருக்கு நோட்டீசிலும் பெயரில்லை, நமது ஞாபகத்திலும் பெயரில்லை. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் பெயரில்லாமல் போய்விடக் கூடாதென்பதே நமது ஆசை.

சற்று முன் இந்த மேடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தோம். ஒரு தகரம் தொங்குகிறது. இன்றிரவு நாடகம் முடிந்ததும் அதன் பக்கத்தில் இந்த ஊர்க் குழந்தைகள் வரிசையாய் நிற்பதைப் பார்த்துவிட்டே ஊருக்குப் போவதென்று உத்தேசித்திருக்கிறோம்.